மாறுற பொருளாதாரத்தைக் கடைசி யூனிட்டுக்குள்ள தள்ளாதீங்க: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவுல இருக்குற பேராசிரியர்களுக்கு,

அடுத்த கல்வியாண்டுல இருந்து 'மாறிவரும் பொருளாதாரங்களில் வணிக உத்தி' பேப்பர் (சட்டம், சந்தை, நாணயம் இதெல்லாம் இன்னும் நிலைக்காத நாடுகள்ல கம்பெனி எப்படி முடிவெடுக்கணும்னு படிக்கிறது) தனியா இருக்காது, பொது ஸ்ட்ராட்டஜி பேப்பரோட கடைசி யூனிட்டா சேத்துடுவோம், களப் ப்ராஜெக்ட்டுக்குப் பதிலா ஆன்லைன் சிமுலேஷன் வரும்னு சர்க்குலர் விட்டிருக்கீங்க. காரணம்னு ரெண்டே வரி. உள்ளடக்கம் திரும்ப வருதாம், பதிவு பண்ற மாணவர் எண்ணிக்கை கம்மியாம். ரெண்டுமே சரியில்லன்னு சொல்லத்தான் இதை எழுதுறேன்.

நான் பகல்ல ஒரு கம்பெனில இறக்குமதி சைடு வேலை பாத்துட்டு சாயங்காலம் எம்பிஏ படிக்கிற ஆளு. இந்தப் பேப்பரைப் போன செமஸ்டர் எடுத்தேன், பொது ஸ்ட்ராட்டஜி பேப்பரை அதுக்கு முன்னாடியே முடிச்சாச்சு, அதனால ரெண்டையும் உக்காந்து படிச்ச உரிமையில பேசுறேன். சர்க்குலர் தயார் பண்ணினவங்க ரெண்டு பேப்பரோட ரீடிங் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு தடவை பாத்திருந்தாக்கூட 'திரும்ப வருது'ன்னு எழுதியிருக்க மாட்டாங்க.

பொதுப் பேப்பர்ல என்ன படிக்கிறோம்? ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979ல சொன்ன அஞ்சு சக்திகள் (ஒரு தொழில்ல லாபத்தை அழுத்துற போட்டியாளர், புதுசா நுழையுறவர், மாற்றுப் பொருள், சப்ளையர், வாடிக்கையாளர்), அப்புறம் வேல்யூ செயின், பிசிஜி மேட்ரிக்ஸ், ஸ்வாட், கோர் காம்பிடன்ஸ். எல்லாம் உருப்படியான கருவிங்கதான், ஆபீஸ்ல ஏதோ ஒன்னைத் தொடாம ஒரு மீட்டிங்கும் முடியறதில்ல. ஆனா இதெல்லாத்துக்கும் அடியில வாய்விட்டுச் சொல்லாத ஒரு அனுமானம் இருக்கு. கான்ட்ராக்ட் போட்டா அது கோர்ட்ல செல்லும், நல்லா நடக்குற கம்பெனிக்கு பேங்க்ல கடன் கிடைக்கும், விலைன்னு ஒரு நம்பர் போட்டா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும், இந்த வருஷம் இருக்குற சட்டம் அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். போர்ட்டரைக் குறை சொல்லல, அவர் பாத்த பொருளாதாரத்துல இதையெல்லாம் தனியா எடுத்துப் பேச வேண்டிய தேவையே வரல. நாங்க எடுத்த பேப்பர் அந்த அனுமானத்தைத்தான் கேள்வி கேக்குது. பொருளாதார அறிஞர் டக்ளஸ் நார்த் அமைப்புகள்னா ஆட்டத்தோட விதிமுறைகள்னு சொன்னாரு, 1993ல நோபல் வாங்கினாரு. அந்த விதிமுறைகளைத் தாங்கிப் பிடிக்கிற ஆடிட், ரேட்டிங் ஏஜென்சி, நுகர்வோர் பாதுகாப்பு, ஆள் எடுக்குற ஏற்பாடு எதுவுமே சரியா இல்லாத இடத்துல ஒரு கம்பெனி எப்படிப் பிழைக்கும்னு 1997ல ஹார்வர்டு பேராசிரியர்கள் தருண் கன்னாவும் கிருஷ்ணா பலேபுவும் கேட்டாங்க. 2000ல ஹாஸ்கிஸன்ங்குற ஆய்வாளரும் இன்னும் மூணு பேரும் சேந்து வேகமா வளர்ற நாடுங்க 51, திட்டப் பொருளாதாரத்துல (எதை எவ்வளவு செய்யணும், என்ன விலைன்னு அரசாங்கமே முடிவு பண்ற ஏற்பாடு) இருந்து மாறினது 13, ஆக 64 நாட்டை எடுத்து வச்சு இங்கல்லாம் ஸ்ட்ராட்டஜியை எப்படிப் படிக்கணும்னே தனியா ஒரு கட்டுரை எழுதினாங்க. அப்ப இருந்தே இது தனித் துறை. நம்ம காலேஜ்ல மட்டும் இப்ப அது யூனிட் ஆகுது.

ஒரே ஒரு வகுப்பைச் சொல்றேன். 1990கள்ல இருந்த ஒரு ரஷ்ய இயந்திரத் தொழிற்சாலையைக் கற்பனை பண்ணிக்கங்க, அதுக்கு அஞ்சு சக்திகள் படம் போடுங்கன்னு எங்க புரொஃபஸர் சொன்னாங்க. ரொம்ப ஈஸின்னு நினைச்சோம். அப்புறம் ஒவ்வொரு தகவலா கொடுத்தாங்க. 1992 ஜனவரி 2ம் தேதி விலைக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க, அந்த ஒரு வருஷத்துல விலைவாசி ஏறினது 2,500 சதவீதம் பக்கம். கையில பணம் கிடையாது, அதனால 1998 வாக்குல தொழிற்சாலை விற்பனையில கிட்டத்தட்ட பாதி பண்டமாத்துல நடந்துச்சு, சம்பளத்துக்குப் பதிலா செஞ்ச சரக்கையே தொழிலாளி கையில கொடுத்த இடங்களும் உண்டு. இப்ப படத்தை முடிங்கன்னாங்க. எங்க குரூப் போர்டுல போட்டதுல சப்ளையர் பெட்டியில எழுதின அதே கம்பெனி பேரைத்தான் வாடிக்கையாளர் பெட்டியிலயும் எழுத வேண்டி வந்துச்சு, ஏன்னா அவன்கிட்ட இருந்து இரும்பு வாங்கி அவனுக்கே மெஷின் கொடுக்கணும். போட்டியாளர் பெட்டி காலி. அந்த ஃபேக்டரியோட தலையெழுத்தைத் தீர்மானிச்சது யாருன்னு பாத்தா, யார்கிட்ட எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கு, அதை யாருக்குக் கொடுத்தா கரண்ட் பில்லுல கழிச்சுக்கலாம்னு தெரிஞ்ச ஒரு கொள்முதல் மேனேஜர். அந்த ஆளோட திறமைக்கு அஞ்சு சக்திகள் படத்துல இடமே இல்ல. இது எந்தப் பேப்பர்ல திரும்ப வருதுன்னு நீங்கதான் காட்டணும்.

அதே நாட்டுலதான் மெக்டொனால்ட்ஸ் 1990 ஜனவரி 31ம் தேதி மாஸ்கோல முதல் கடையைத் திறந்துச்சு. பொதுப் பேப்பர்ல மெக்டொனால்ட்ஸ்னா ஃப்ரான்சைஸ், தரப்படுத்தல், முக்கியமில்லாத வேலையை வெளிய கொடுக்குறது, அவ்வளவுதான். மாஸ்கோல வெளிய கொடுக்க ஆள் ஏது? அவங்க கேக்குற தரத்துல உருளைக்கிழங்கு கிடைக்கல, இறைச்சி கிடைக்கல, அதனால மெக்காம்ப்ளெக்ஸ்னு சொந்தமா ஒரு பெரிய உணவுத் தயாரிப்பு ஆலையே கட்டினாங்க. அப்புறம் வருஷக்கணக்குல அங்கயே சப்ளையர்ங்க உருவான பிறகு அந்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமா அவங்க கையில ஒப்படைச்சாங்க. அப்ப ஒரே கம்பெனி, ஒரே நாடு, ஒரே பண்டம், எதை நாமளே செய்யணும் எதை வெளிய வாங்கணும்ங்குற பதில் மட்டும் மாறிக்கிட்டே இருக்கு, மாத்தினது போட்டியாளர் கிடையாது, சுத்தி இருக்குற ஏற்பாடு வளர்ந்ததுதான். பெப்சி அதுக்கும் முன்னாடியே 1972ல சோவியத்துக்குள்ள போனப்ப ரூபிளை வெளிய எடுத்துட்டுப் போக வழியில்லாம வோட்கா விக்கிற உரிமையை வாங்கிட்டுப் போச்சு. எங்க வகுப்புல சிரிச்சோம், ஆனா அடுத்த வாரம் என் ஆபீஸ்ல அந்நியச் செலாவணி ஒதுக்கீடு தாமதமானப்ப பாஸ் 'வேற ஏதாவது வழி யோசிங்கப்பா'ன்னு கேட்டப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த வோட்காதான்.

அமெரிக்க ஆன்லைன் ஏல கம்பெனி ஈபே, அலிபாபாவோட சீன ஆன்லைன் சந்தை டாவ்பாவ், இந்தக் கதை ரெண்டு பேப்பர்லயும் வருதுங்குறது உண்மை, அதை ஒத்துக்குறேன். ஆனா எப்படி வருது? பொதுப் பேப்பர்ல ஒரு ஸ்லைடு: உள்ளூர் ரசனை புரியல, கட்டணம் வாங்கினாங்க, தோத்துட்டாங்க. இங்க ஒரு முழு வகுப்பு. ஈபே 2003ல ஈச்நெட்ங்குற சீன ஏல சைட்டை முழுசா வாங்கினப்ப சீன ஆன்லைன் ஏல மார்க்கெட்ல முதலிடம் அதோடதுதான், அதே வருஷம் டாவ்பாவ் வந்துச்சு, 2006 கடைசியில ஈபே தன்னோட சீன சைட்டை மூட வேண்டியதாயிடுச்சு. நடுவுல நடந்ததுல கட்டணம் ஒரு பாதிதான். முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன்கிட்ட காசு அனுப்பி சரக்கு வராம போனா கேக்க நாதியில்ல, கிரெடிட் கார்டு பரவல, ஏமாத்தினா உடனே தட்டிக்கேக்குற கோர்ட்டும் இல்ல. டாவ்பாவோட பணம் செலுத்துற சேவையான அலிபே என்ன பண்ணுச்சுன்னா வாங்குறவர் காசைத் தன்கிட்ட வச்சுக்கிச்சு, சரக்கு கைக்கு வந்துடுச்சுன்னு அவர் சொன்ன பிறகுதான் விக்கிறவருக்கு விட்டுச்சு. பொருளை விக்க இடம் கொடுக்குற கம்பெனி நம்பிக்கையை உண்டாக்குற கம்பெனியாவும் ஆக வேண்டி வந்துச்சு. விக்கிறவர் வாங்குறவர்கிட்ட சாட்ல நேரடியா பேசிக்கலாம்னு விட்டதும் இதே கணக்குலதான். இதை 'உள்ளூர் ரசனை'ன்னு ஒரு வார்த்தையில முடிச்சா மாணவனுக்குக் கிடைக்கிறது தப்பான பாடம். அவன் அடுத்த நாட்டுக்குப் போனா கலரை மாத்துவான், லோகோவை மாத்துவான், வேறென்ன பண்ணுவான்?

பெரிய குழுமங்கள் விஷயத்துல ரெண்டு பேப்பரும் ஒன்னுக்கொன்னு நேரடியாவே மோதுது. பொதுப் பேப்பர்ல சம்பந்தமில்லாத தொழில்ல கால் வைக்காதே, பலதொழில் கம்பெனிக்கு பங்குச்சந்தையில மதிப்பு குறையும், ஒரே தொழில்ல கவனம் வைன்னு படிச்சு பரிட்சையும் எழுதிட்டோம். இங்க வந்தா கன்னா, பலேபு கேக்குறாங்க: முதலீட்டுச் சந்தை ஒழுங்கா வேலை செய்யாத ஊர்ல புதுத் தொழிலுக்குக் காசு யார் கொடுப்பா, பயிற்சி பெற்ற மேனேஜருக்கு எங்க போறது, பேர் தெரியாத பிராண்டை எவன் நம்புவான்? இது மூணையும் தனக்குள்ளயே வச்சிருக்குற குழுமத்துக்கு இந்தியா, கொரியா மாதிரி இடங்கள்ல பலதொழில் பலமாச்சு. அதோட விடல, அடுத்த வகுப்புலயே டேவூங்குற கொரியக் குழுமத்தை எடுத்தாங்க. அதே உள்ளுக்குள்ள பணம் சுத்துற ஏற்பாடுதான் நஷ்டத்தை மூடி மறைச்சு 1999ல மொத்தக் குழுமத்தையும் கவுத்துச்சு. சந்தை வளர வளர குழுமத்தோட பலம் எந்தப் புள்ளியில பாரமா மாறுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எங்களுக்குக் கொடுத்த கேள்வி, விடை ஒன்னு கிடையாது, ரெண்டு மணி நேரம் சண்டை போட்டோம். கடைசி யூனிட், அதுவும் செமஸ்டர் முடிவுல, சிலபஸ் முடிக்கணும்னு வேகமா ஸ்லைடு தள்ளுற நேரம், அங்க இந்தச் சண்டைக்கு யார் நேரம் கொடுப்பா?

மாற்றம்னாலும் ஒரே மாதிரி மாற்றம் இல்லையே. போலந்து 1990 ஜனவரி 1ம் தேதி ஒரேயடியா கதவைத் திறந்துச்சு. வியட்நாம் 1986ல டொய் மொய்னு ஒரு சீர்திருத்தத்தை ஆரம்பிச்சு படிப்படியா போச்சு. சீனா 1980கள்ல இரட்டை விலை முறை வச்சிருந்துச்சு, அதாவது ஒரே இரும்புக்குத் திட்ட ஒதுக்கீட்டுல ஒரு விலை, ஒதுக்கீட்டுக்கு மேல உள்ளதுக்கு சந்தை விலை. அங்க ஒரு ஆலை மேனேஜரோட ஸ்ட்ராட்டஜி என்னவா இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. செலவைக் குறைக்கிறதை விட ஒதுக்கீட்டுல எவ்வளவு வாங்குறோம்ங்குறதுல காசு அதிகம், அப்ப அவர் பொழுதெல்லாம் எந்த வாசல்ல போய் நிப்பாரு? அதே ஆளு இரட்டை விலை முடிஞ்ச மறுநாள் என்ன ஆவாரு? எனக்கு இந்தப் படிப்புல ரொம்பப் பிடிச்ச கேள்வியே இதுதான், ஏன்னா நேத்து வரைக்கும் சொத்தா இருந்த பழக்கவழக்கம் ஒரு அரசாணையில மதிப்பில்லாம போற நிலைமை என் வேலையிலயும் கண்ணுக்கு முன்னாடி நடக்குது.

இப்ப பரிட்சை. பொதுப் பேப்பர்ல ஒரு கேள்வி, 'வளரும் சந்தை ஒன்றில் நுழையும் நிறுவனத்துக்கு அத்தொழிலின் கவர்ச்சியை மதிப்பிடுக'. நான் அஞ்சு சக்திகளையும் எழுதிட்டு, அதுக்கு மேல இறக்குமதி லைசென்ஸ், நாணய மதிப்பு, டாலர்ல வாங்குன கடன் மூணையும் எழுதினேன். உதாரணத்துக்கு 1997 ஆசிய நெருக்கடி. ஜூலை 2ம் தேதி தாய்லாந்து நாணயமான பாத்தை, டாலரோட கட்டி வைக்காம, மிதக்க விட்டாங்க, இந்தோனேசிய ருபியா டாலருக்கு 2,400 பக்கம் இருந்தது அடுத்த ஜனவரிக்குள்ள 10,000ஐத் தாண்டிடுச்சு, தொழில்ல நல்ல இடத்துல இருந்த கம்பெனிங்க கூட வருமானம் ருபியாவுலயும் கடன் டாலர்லயும் இருந்ததால சாஞ்சுச்சு, அப்ப தொழில் கவர்ச்சியை மட்டும் வச்சு என்ன முடிவு எடுக்குறதுன்னு எழுதினேன். பேப்பர் திரும்பி வந்தப்ப அந்தப் பத்தி ஓரத்துல சிவப்பு மையில 'கேட்டது இது இல்லை'ன்னு இருந்துச்சு. போய்க் கேட்டேன். திருத்தினவர் நல்ல மனுஷன், விடைக்குறிப்பை எடுத்துக் காட்டினாரு: அஞ்சு தலைப்பு, ஒவ்வொன்னுக்கும் சம மார்க், அதுக்கு வெளிய எழுதினா கொடுக்க இடமே இல்ல, 'நான் என்னங்க பண்றது'ன்னாரு. அவர் மேல எனக்கு வருத்தம் இல்ல. அந்த விடைக்குறிப்புக்குக் கீழதான் நீங்க இந்தப் பேப்பரைக் கொண்டு போய்ச் சேக்கப் போறீங்க, கடைசி யூனிட்ல ரெண்டு மார்க் கேள்வியா வளரும் பொருளாதாரம் வரையறைன்னு வரும், எமர்ஜிங் மார்க்கெட்ங்குற பேரை 1981ல வச்சது யாருன்னு கேப்பீங்க, ஆன்டோயின் வான் அக்ட்மேல்னு எழுதிட்டுப் போயிடுவோம்.

இன்னொரு விஷயம் சொன்னா உங்களுக்கே சங்கடமா இருக்கும். பொதுப் பேப்பர்ல நாடு மதிப்பீடு அசைன்மென்ட்டுக்கு ஒரு டெம்ப்ளேட் கொடுக்குறாங்க. அதுல முதல் கட்டமே எந்த நாட்டுல தொழில் நடத்த எவ்வளவு சுலபம்னு சொல்ற உலக வங்கியோட டூயிங் பிசினஸ் தரவரிசை எண். அந்த அறிக்கையை உலக வங்கி 2021 செப்டம்பர்ல நிறுத்தியாச்சு, 2018, 2020 பதிப்புகள்ல சில நாடுகளோட தரவுல முறைகேடு நடந்தது தெரிய வந்த பிறகு. அதுக்குப் பதிலா பிசினஸ் ரெடின்னு வேற அறிக்கை, முதல் பதிப்பு 2024 அக்டோபர்ல 50 நாடுகளோட வந்துச்சு. ஆனா டெம்ப்ளேட்ல இன்னும் பழைய கட்டம் அப்படியே இருக்கு, காலியா விட்டா மார்க் போகும், அதனால பசங்க செத்துப்போன ஒரு தரவரிசையில இருந்து நம்பரைத் தேடி எடுத்து நிரப்புறாங்க. நீங்க ரத்து பண்ணப் போற பேப்பர்ல அதே தரவரிசையை வச்சு ஒரு நாடு எப்படி நம்பருக்காகவே விதிகளைத் திருத்தும், நம்பரை நம்பி உள்ள போன கம்பெனி எங்க மாட்டும்னு ஒரு வகுப்பு நடந்துச்சு. எது எதுக்குள்ள போகணும்னு இப்ப நீங்களே சொல்லுங்க.

களப் ப்ராஜெக்ட் பத்திக் கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா எனக்கு ரொம்ப வலிச்சது அதுதான். விதிமுறை மாறின ஒரு காலத்தைத் தாண்டி வந்த கம்பெனி ஒன்னைப் பிடிச்சு, அங்க இருக்குற பழைய ஆளுங்ககிட்ட பேசி, பழைய ஃபைலைப் பாத்து, அப்ப என்ன முடிவு எடுத்தாங்க ஏன் எடுத்தாங்கன்னு எழுதணும். எங்க குரூப் போனது உதிரிபாகம் இறக்குமதி பண்ணி விக்கிற ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்ட. நாணய மதிப்பு சரிஞ்ச காலத்து விலைப்பட்டியல்களை ஒரு ஃபைல்ல கோத்து வச்சிருந்தாங்க. முதல் தாள்ல மேல 'இந்தக் காலாண்டு முழுவதும் செல்லும்'னு அச்சடிச்சிருந்துச்சு. கொஞ்சம் தள்ளிப் பாத்தா அதைப் பேனாவால அடிச்சு 'இந்த வாரம்'னு எழுதியிருந்துச்சு. இன்னும் தள்ளினா விலை எழுதுற கட்டமே காலி, கேட்டுத் தெரிஞ்சுக்கவும்னு மட்டும் ரப்பர் ஸ்டாம்ப். அந்த ஸ்டாம்பு செய்யக் கொடுத்ததே ஒரு ஸ்ட்ராட்டஜி முடிவுதான்னு எங்க புரொஃபஸர் அப்புறம் சொன்னாங்க.

அங்க கணக்கு பாத்த பெரியவர் ஒருத்தர் சொன்னதுதான் ப்ராஜெக்ட்டோட உயிர். அவங்களோட ஆகப் பெரிய வாடிக்கையாளரை அந்தக் காலத்துல அவங்களாவே விட்டுட்டாங்களாம். ஏன்னா அந்த ஆளு மூணு மாசக் கடன்ல வாங்குறவரு, மூணு மாசம் கழிச்சு வர்ற காசுல அதே சரக்கைத் திரும்ப வாங்க முடியாது, வித்தா வித்தளவுக்கு நஷ்டம். சின்னச் சின்ன ஆளுங்க, கையில காசு வச்சு வாங்குறவங்க, அவங்களை மட்டும் வச்சுக்கிட்டாங்க. விற்பனை பாதியா சுருங்குச்சு, கம்பெனி பிழைச்சுச்சு. பெரிய வாடிக்கையாளரைப் பத்திரமா வச்சுக்கணும்னுதானே நாங்க எல்லாப் புத்தகத்துலயும் படிச்சோம்? 'தம்பி, லாபம் எவ்வளவுன்னு நாங்க பாக்கல, குடோன்ல அடுத்த மாசம் சரக்கு இருக்குமான்னுதான் பாத்தோம்'னாரு அவரு. லாபம் காட்டுற கணக்கும் பிழைக்கிற கணக்கும் எப்ப தனித்தனியா பிரியுதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

இதுக்குப் பதிலா வரப்போற சிமுலேஷனோட டெமோ பாத்தேன். நாட்டு அபாயம்னு ஒரு ஸ்லைடர், ஒன்னுல இருந்து பத்து வரைக்கும். பத்துல வச்சா டிமாண்ட் குறையுது, வட்டி ஏறுது, அடுத்த காலாண்டுன்னு பட்டனை அமுக்கினா ரிசல்ட் வருது. வேகமா இருக்கு, கலர்ஃபுல்லா இருக்கு, மார்க் அதுவே போட்டுடும், உங்களுக்கு வேலை மிச்சம், அது எனக்கும் புரியுது. ஆனா எந்த விதி மாறும்னு முன்னாடியே சாஃப்ட்வேர்ல எழுதி வச்சாச்சே, அப்புறம் அதுல எதிர்பாராததுன்னு என்ன இருக்கு? பெரிய வாடிக்கையாளரை விட்டுடலாம்ங்குற ஆப்ஷன் அந்த ஸ்க்ரீன்லயே இல்ல, நான் தேடிப் பாத்தேன்.

பதிவு கம்மிங்குற காரணத்துக்கு வர்றேன். இந்தப் பேப்பரைப் போன ரெண்டு வருஷமா எந்த நேரத்துல போட்டீங்க? ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங் நடக்குற அதே நேரத்துல. அதுக்கு மேல ஃபைனான்ஸ் எடுக்குறவங்க கட்டாயம் எடுக்க வேண்டிய பேப்பரோட வேற மோதுது. வேலைக்குப் போற எங்க மாதிரி ஆளுங்களுக்குச் சாயங்காலம் மட்டும்தான் வகுப்பு, அந்த நேரத்துல ஒரு செமஸ்டர் வச்சாங்க, அடுத்த செமஸ்டர் பகலுக்கு மாத்திட்டாங்க. காலைக் கட்டிப் போட்டுட்டு ஓடலையேன்னு கேக்குற கதையா இருக்கு. அவ்வளவையும் மீறி எடுத்தவங்க ஃபீட்பேக்ல என்ன எழுதினாங்கன்னு சர்க்குலர்ல ஒரு வார்த்தை இல்ல.

இந்தப் பேப்பர்ல ஓட்டையே இல்லன்னு நான் சொல்ல வரல. நிறைய இருக்கு. ரீடிங் லிஸ்ட்ல பாதி 2001ல ஜிம் ஓநீல்ங்குற பொருளாதார நிபுணர் பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா நாலுக்கும் சேத்து ப்ரிக்னு பேர் வச்ச காலத்து உற்சாகத்துலயே நின்னுடுச்சு, எல்லா நாடும் ஒரே பக்கமாத்தான் போகும், கட்டுப்பாடு குறைஞ்சுக்கிட்டே வரும், சந்தை திறந்துக்கிட்டே இருக்கும்ங்குற நம்பிக்கை வரிக்கு வரி தெரியுது. 2022ல என்ன ஆச்சு? மாஸ்கோல கடை திறந்த அதே மெக்டொனால்ட்ஸ் மொத்தத்தையும் வித்துட்டு வெளிய வந்துச்சு. பிரெஞ்சு கார் கம்பெனி ரெனோ, அவ்டோவாஸ்ங்குற ரஷ்ய கார் கம்பெனில வச்சிருந்த பெரும்பான்மைப் பங்கை ஒரே ஒரு ரூபிளுக்குக் கொடுத்துட்டு, ஆறு வருஷத்துக்குள்ள திரும்ப வாங்கிக்கலாம்னு ஒரு உரிமையை மட்டும் எழுதி வாங்கிக்கிச்சு. அடுத்த வருஷமே உணவுக் கம்பெனி டேனோன், பீர் கம்பெனி கார்ல்ஸ்பெர்க் ரெண்டோட ரஷ்யத் தொழிலை அரசாங்கமே தற்காலிக நிர்வாகம்னு சொல்லிக் கையில எடுத்துச்சு. அப்ப உள்ள நுழையுறதுக்கு ஆயிரம் பக்கம் படிக்கிறோம், வெளிய வர்றதுக்கு ஒரு பக்கம் கூட இல்ல. தோத்த கம்பெனிங்களும் லிஸ்ட்ல ரொம்பக் கம்மி, ஜெயிச்சவங்க கதையாவே போகுது. இதெல்லாம் பேப்பரைச் சரி பண்ண வேண்டிய காரணம்னு எந்த ஆசிரியரும் ஒத்துக்குவாங்க, மூடுறதுக்கான காரணமா இதைக்கூட நீங்க சொல்லல, சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருக்கலாம்.

இனி நாங்க கேக்குறது. 'நாங்க'ன்னு சொல்றேன், ஏன்னா இந்த மடலை அனுப்புறதுக்கு முன்னாடி என் பேட்ச்ல இந்தப் பேப்பரை எடுத்தவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், அவங்க சொன்னதையும் சேத்திருக்கேன்.

அந்த சர்க்குலரை அடுத்த கல்வியாண்டுக்கு நிறுத்தி வைங்க. பேப்பர் இப்ப இருக்குற அதே கிரெடிட்டோட தனியாவே இருக்கணும். பகல்ல ஒரு பிரிவு, சாயங்காலம் ஒரு பிரிவுன்னு வைக்க ஆள் இல்லன்னா சாயங்காலமாவது நிலையா வைங்க, ப்ளேஸ்மென்ட் ட்ரெய்னிங்கோட மோதாம. அப்படி ரெண்டு வருஷம் நடத்திப் பாத்தும் ஆள் சேரலன்னா அப்ப எண்ணிக்கையைக் காட்டி மூடுங்க, நானே வந்து கையெழுத்துப் போடுறேன்.

களப் ப்ராஜெக்ட் கட்டாயம் இருக்கணும். சிமுலேஷன் வேணும்னா பொதுப் பேப்பருக்குக் கொடுங்க, இல்ல இதுலயே முதல் ரெண்டு வாரத்துக்கு வச்சுக்கங்க, ப்ராஜெக்ட்டோட மார்க்கை அது திங்கக் கூடாது. ப்ராஜெக்ட்டைத் திருத்த நேரம் இல்லங்குறதுதான் உண்மையான பிரச்சனைன்னா அதை வெளிப்படையா சொல்லுங்க, போன வருஷம் படிச்சு முடிச்சு வேலையில இருக்குறவங்க வைவாவுக்கு வந்து உக்காரத் தயாரா இருக்காங்க.

பொதுப் பேப்பரோட விடைக்குறிப்புல, குறைஞ்சபட்சம் புதுச் சந்தை நுழைவு பத்தின கேள்விகளுக்கு, சட்டம், நாணயம், கடன், நம்பிக்கை ஏற்பாடு பத்தி எழுதினா மார்க் கொடுக்க இடம் வைங்க. டூயிங் பிசினஸ் கட்டத்தை டெம்ப்ளேட்ல இருந்து இந்த வாரமே எடுங்க, இதுக்குக் கமிட்டி மீட்டிங் எல்லாம் தேவையில்ல, ஒரு வரியை அழிச்சா போதும்.

ரீடிங் லிஸ்ட்டைப் புதுப்பிக்க ஒரு சின்னக் குழு போடுங்க, அதுல பாடம் எடுக்குறவங்களோட தொழில்ல இருக்குற பழைய மாணவர் ஒருத்தரும் இப்ப படிக்கிற மாணவர் ஒருத்தரும் இருக்கட்டும். வெளியேறுறது, சொத்து பறிபோறது, தடைகள், சந்தை திரும்ப மூடிக்கிறது, இதுக்குன்னு குறைஞ்சது ரெண்டு வாரம் வேணும்.

இந்த முடிவை எடுத்த மீட்டிங்கோட குறிப்பையும், போன சில வருஷத்துப் பதிவு எண்ணிக்கையை எந்த நேரத்துல வகுப்பு இருந்துச்சுங்குற விவரத்தோடயும், மாணவர் ஃபீட்பேக்கோட சுருக்கத்தையும் நோட்டீஸ் போர்டுல போடுங்க. அடுத்த செமஸ்டருக்கான எலக்டிவ் பதிவு திறக்குறதுக்கு முன்னாடி எழுத்துல ஒரு பதில் வேணும், வாய்வார்த்தையா 'பாக்குறோம்'னு சொன்னா எங்களுக்கு அது பதில் இல்ல.

கடைசியா ஒன்னு. சர்க்குலர் வந்த கையோட பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுங்களையெல்லாம் லைப்ரரி ரெஃபரன்ஸ் அலமாரில இருந்து எடுத்து ஸ்டோர் ரூம்ல போட்டுட்டாங்க. அதுல இருக்குற விலைப்பட்டியல் காப்பிங்க, பேட்டிங்க எதுவும் வேற எங்கயும் கிடைக்காது, அந்த டிஸ்ட்ரிப்யூட்டர் கம்பெனியில கணக்கு பாத்த பெரியவர் வேலையை விட்டுப் போயிட்டாரு. பேப்பர் விஷயத்துல நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி, அந்த ரிப்போர்ட்டுங்களை மட்டும் உடனே திரும்ப அலமாரில வைக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
பகுதிநேர எம்பிஏ இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர்